எங்கள் வயல் ஸ்டேடியத்தின் வரலாறு

எங்கள் ஸ்டேடியத்துக்கு வருடத்தில் மூன்று மாதம்தான் ஆயுள். கும்பப்பூ போகத்தின் அறுவடை முடிந்ததும் பிறக்கும். அடுத்த பூவுக்குத் தண்ணீர் வந்ததும் மூழ்கிவிடும். மற்ற மாதங்களில் அது அப்பாவின் நெல்வயல். இன்றும் கல்லூரி விடுமுறையில் நான் பேஸ்பால் ஆடுவது அங்கேதான்.

அதைத் தொடங்கியவள் அக்கா. பள்ளி மைதானத்தைப் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் பிடித்துக்கொள்ள, அவள் தன் அணியையே வயலுக்குக் கூட்டி வந்துவிட்டாள். உரச்சாக்கில் வைக்கோல் திணித்தால் ஓடி மிதிக்கும் பேஸ், ஒரு பலகை போட்டால் பந்தடிக்க நிற்கும் ஹோம் பிளேட், வரப்புதான் கேலரி.

எனக்கு எட்டு வயதிருக்கும். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க நாகர்கோவிலிலிருந்து பயிற்சியாளர் வரவேண்டிய நாள். அன்று காலையில்தானா கால்வாயில் தண்ணீர் வரவேண்டும்? அப்பா மடையைத் திறந்துவிட்டார்.

"பத்து மணிக்கு சார் வாறாருப்பா. ஒரே ஒரு ஆட்டம்," என்றாள் அக்கா.

"வெள்ளம் உனக்காக நிக்குமாட்டி? நாளைக்கு உழவு. பந்தடிச்சது போதும்."

அக்கா அழவில்லை. கையுறையை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்பா டீக்கடைப் பக்கம் போனதும் மூன்றாவது பேஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மடைவாயில் திணித்தேன், மேலே ஏறிக் குதித்தேன், மிதித்தேன். ஓரத்தில் கசிந்துகொண்டுதான் இருந்தது. அதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்?

பயிற்சியாளர் வந்துவிட்டார். வயலும் காய்ந்தே கிடந்தது.

"ஏட்டி, மூணாவது பேஸ் எங்க?" என்று அக்கா கத்தினாள்.

நான் தென்னந்தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது அப்பா வந்தார், முழங்கால்வரை நனைந்த வேட்டியும் சேற்றுக் கையுமாக. தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து அந்த இடத்தில் போட்டார்.

"இதுல மிதிங்க மக்கா."

பக்கத்து வயல்காரர் வரப்பிலிருந்து கேட்டார்: "வேய், மடையத் தொறந்தீரு, வெள்ளத்தக் காணல்லியே?"

"மேல எவனாவது மறிச்சிருப்பான்," என்றார் அப்பா, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா அடித்த பந்து தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது. முதல் பேஸ், இரண்டாவது, துண்டு, பலகை! பயிற்சியாளர் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் சாக்கை எடுக்க மடைக்குப் போனேன். அதன்மேல் மண்வெட்டியால் வெட்டிய சேற்றுக்கட்டிகள் என் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன.

நான் மிதித்த மிதியில் மண் எவ்வளவு ஏறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.