போகும் குரலுக்குச் சாத்திய கதவு

இணையத் தொலைபேசிக்கும் சீதேவிக்கும் ஒரே சட்டம்தான் என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பொழுதுபட விளக்கேற்றும்போது முன்கதவைத் திறந்துவைத்துப் பின்கதவைச் சாத்துவோம். முன்னால் வருகிற சீதேவி பின்னால் இறங்கிப் போய்விடக் கூடாதல்லவா? நாற்பத்தெட்டு வயது வரை சாத்திப் பழகிய கை, அலுவலகக் கணினியிலும் அதையே செய்தது.

நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரரின் சங்கமொன்றில் எனக்கு வேலை. கணினி தெரிந்தவன் என்று என்னைப்பற்றி நானே பரப்பிய வதந்தியால், புதிதாக வந்த இணையத் தொலைபேசிப் பெட்டி என் தலையில் விழுந்தது. எங்கள் இணையத்துக்குக் காவல் நிற்பது ஃபயர்வோல். அதில் எந்தெந்த போர்ட்டைத் திறக்க வேண்டும் என்று தொலைபேசிக்காரர் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். போர்ட் என்றால் வாசல் என்று வையுங்கள். மணியடிக்க ஒரு வாசல். குரலுக்கோ பல ஆயிரம் வாசல்கள், வருவதற்கும் போவதற்கும். ஆயிரக்கணக்கான பின்கதவுகளை ஆவென்று திறந்துவைக்கச் சொல்கிறானே, இவனெல்லாம் எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரல் வரும் வாசல்களைத் திறந்தேன். போகும் வாசல்களைச் சாத்தினேன். பெரிய காரியம் முடித்தவனாகத் தேத்தண்ணி குடித்தேன்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு லண்டன் கடைக்காரர் ஒருவர் அழைப்பதாக இருந்தது. அவருக்காக எங்கள் சங்கத்து அக்கா ஒருவர் மூன்று மணிக்கே வந்து குந்திவிட்டார். அவருடைய தோட்டத்துக் கதலி முழுவதும் ஒரே நேரத்தில் முற்றியிருந்தது. சந்தையிலோ கதலியை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. லண்டன்காரர் எடுக்காவிட்டால் குலையெல்லாம் மரத்திலேயே பழுத்து வெடிக்கும். அவரைத் திருப்பி அழைக்க இலக்கமும் எங்களிடம் இல்லை.

மணி அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தார். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டேன்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

“நான்தான் ஐயா, கதலிக்காரி கதைக்கிறன்!”

“ஹலோ? ஒரு சத்தத்தையும் காணேல்லை.”

“தம்பி, மனுசன் செவிடோ?”

“கிட்டப் பிடிச்சுக் கதையுங்கோ அக்கா.”

அக்கா கத்தினார். வெளியே வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். லண்டனுக்கு மட்டும் கேட்கவில்லை. அந்த மனுசன் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொல்வது எங்களுக்குத் துலக்கமாகக் கேட்டது: “இஞ்சாரும், உவை எடுத்துவைச்சிட்டுக் கதைக்கினமில்லை. திமிர்போலை. பத்து நிமிசத்திலை இன்னுமொருக்கா அடிப்பன். இல்லாட்டி வேறை ஆக்களிட்டை எடுப்பம்.”

தொடர்பு அறுந்தது.

“ஆருக்குத் திமிர்?” அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, உந்தாள் குலை வாங்கிறாரோ இல்லையோ, என்னட்டை ரெண்டு கதை கேட்டே ஆகவேணும். பெட்டியைத் திருத்தும்!”

ரிசீவரை ஊதிப் பார்த்தேன். குரலைக் காற்று கொண்டுபோகிறதோ என்று மின்விசிறியை நிறுத்தினேன். நல்லூரானுக்கு ஒரு குலை நேர்ந்தேன், அதுவும் அக்காவின் குலை. கடைசியில்தான் ஃபயர்வோல் மறித்தவற்றின் பட்டியலைத் திறந்துபார்க்கும் புத்தி வந்தது.

திரை நிறையச் சிவப்பு வரிகள். ஒரு நொடிக் குரலை ஐம்பது துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இலக்கம் குத்தி அனுப்புகிறதாம் அந்தச் சின்னப் பெட்டி. அக்காவின் கத்தல் அத்தனையும் எங்கள் வாசல்வரை வந்து, நான் சாத்திய கதவில் மோதி விழுந்து கிடந்தது. அதைவிட என்னை மலைக்க வைத்தது வேறு. அக்கா மூச்சு வாங்கப் பேசாமல் நின்ற நேரத்துக்கும் வரிகள் குறையவில்லை. அவர் பேசாமல் இருந்ததையும் அந்தப் பெட்டி வெட்டி, எண்ணி, லண்டனுக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறது! கோயில் மூலஸ்தானத்தின் முன்னால்கூட நான் அப்படி வாய்பிளந்து நின்றதில்லை.

“என்ன தம்பி, விறைச்சுப்போய் நிக்கிறீர்?”

“உங்கடை குரலைப் பாக்கிறன் அக்கா.”

“பாத்தது காணும். அனுப்பும்!”

நான் எழுதிவைத்த விதியை அழித்து, போகும் வாசல்களைத் திறந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் மணி அடித்தது. அக்கா முதலில் திமிர் யாருக்கு என்று கேட்டார், பிறகு கதலி விற்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை குலைகள் லொறியில் ஏறின. பெட்டியில் ஒரு பழுதும் இருக்கவில்லை.