பாதாளத்தின் மோதிர விரல்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லோரும் ‘பாதாளம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கி வேலை செய்தவர். அங்கே ஒரே சட்டம்: சத்தம் பிசகினால் கையை எடு. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் எடு.

ஒரே ஒரு முறை தாமதமாகிவிட்டது. கதவை இழுக்கும் பெல்ட் இடது கை மோதிர விரலைக் கவ்வியது. அறுந்த தசைநாரைத் தைத்து மூன்று மாதம் ஆகிறது. திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் பார்ப்பார். விரல் மடங்கி, அழுத்தி, எழுந்தால் பழைய வேலை. இல்லையென்றால் ஸ்டோரில் ஸ்க்ரூ டப்பாக்களுக்குக் காவல்.

பயிற்சிக்கு யுகுலேலே வாசிக்கச் சொன்னவள் கொழுந்தியாள். பள்ளி வேன் ஓட்டுகிறாள். நெரிசலில் வேன் நின்றால் பிள்ளைகள் அழாமலிருக்க அந்த நாலு தந்திக் குட்டி கிதாரை எடுப்பாள். அவள் சொல்லித்தந்த முதல் கார்டுக்கு, அதாவது தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கு, மோதிர விரல் மட்டும் போதும்: அடித் தந்தியில் மூன்றாம் கட்டம். பத்து நாளில் படிந்துவிட்டது. அடுத்தது ‘ஆக்மென்ட்டட்’ கார்டு. மோதிர விரல் அங்கேயே இருக்க, ஆள்காட்டி விரல் மேல் தந்தியின் முதல் கட்டத்தை அழுத்த வேண்டும்.

அழுத்தினார். சத்தம் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி தொங்கியது. சட்டென்று கையை எடுத்தார்.

மறுபடியும் அதே சத்தம். ஆள்காட்டி விரல் நீளும்போது மோதிர விரல் நழுவுகிறது என்று முடிவு கட்டினார். குனிந்து பார்த்தால் நழுவியதாகத் தெரியவில்லை. ஆனால் நுனியில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருந்தது, எதை நம்புவது? நான்கு நாள் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு அழுத்தினார். தைத்த இடம் சிவந்து வீங்கியது. மனைவியிடம் “நல்லா வருது” என்றார்.

சனிக்கிழமை மதியம் கொழுந்தியாள் வந்தாள். விரலைப் பார்த்தாள்.

“என்ன அத்தான், வாசிச்சீங்களா, இல்ல கடிச்சீங்களா?”

“கிண்டல் பண்ணாத. இன்னொரு விரல் வச்சா இது விட்டுடுது. உங்கக்காகிட்ட சொல்லிடாத.”

“போடுங்க பாப்போம்.”

போட்டார், கையை எடுத்தார்.

“சரியாத்தானே இருக்கு?”

“உனக்குக் காது கேக்குதா இல்லையா? குழியில இப்படி ஒரு சத்தம் வந்தா யாருமே இறங்க மாட்டோம்.”

அவள் வாங்கி வாசித்தாள். அதே தொங்கல். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அதேதான்.

“அது அப்படித்தான் அத்தான் இருக்கும். அதுக்கடுத்து எஃப் கார்டு. அங்க போனாத்தான் அடங்கும். நீங்க நடுவுலயே இறங்கிடுறீங்க.”

அவர் மீட்டினார். சத்தம் தொங்கியது. கையை எடுக்காமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டார். எஃப்புக்குப் போக, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வேறு தந்திகளில் போய் அமர, மோதிர விரல் தனியாக எழ வேண்டும். இதுவரை கையோடு சேர்த்து எடுத்திருக்கிறாரே தவிர, அந்த விரலை மட்டும் எழுப்பியதில்லை. அது தந்தியோடு ஒட்டிக்கிடந்தது. மற்ற இரண்டு விரல்களும் இடம் போய்ச் சேர்ந்த பிறகே எழுந்தது.

“லேட்டு” என்றார்.

“டாக்டர் என்ன தாளம் போட்டா பாக்கப் போறாரு? எந்திரிச்சுதுல்ல? இருங்க, ஐஸ் எடுத்துட்டு வரேன்.”

அவள் உள்ளே போனதும், முழங்கால்மேல் கையை வைத்து அந்த விரலை மட்டும் எழுப்பினார். எழுந்தது. இன்னும் எத்தனை தடவை எழும் என்று தெரியாததால், மறுபடி எழுப்பிப் பார்க்கத் துணியவில்லை.