மிளகு கடித்த பல்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள், இப்போது என் வாயைப் பற்றியே எழுத வந்திருக்கிறேன்.

மலைமேல் வளப்பூர் நாடு என்கிற எங்கள் பகுதியில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகுக்கொடி உண்டு. பறித்து உதிர்த்து வெயிலில் போட்டபின், காய்ந்துவிட்டதா என்று சொல்வது என் வேலை. ஒரு மிளகை எடுத்து இடது கடைவாயில் வைத்துக் கடிப்பேன். டக்கென்று பிளந்தால் மூட்டை கட்டலாம். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இதே பல்தான்.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டார்கள். நானும் வரிசையில் நின்றேன். நர்ஸ் ஒருவர் வந்து, "வலி இருக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குப் பின்னால் கன்னம் வீங்கி ஒரு அம்மா நின்றிருந்தார். "நீங்க முன்னால போங்க" என்று அவருக்கு இடம் விட்டு, அப்படியே வெளியே வந்துவிட்டேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. வலி இல்லாதவள் அங்கே நிற்பது, பசிக்காமல் பந்தியில் உட்கார்வது போல எனக்குப் பட்டது.

மிளகு கடிக்கும் அந்தப் பல்லின் ஓரம் எப்போது உடைந்தது என்றே தெரியாது. வலிக்கவே இல்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புண் மட்டும் வந்தது. குழம்புக் காரம் என்று நினைத்தேன். இரண்டு மாதமாகியும் ஆறாததால் என் வீட்டுக்காரர் விடாப்பிடியாக நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார்.

பல் மருத்துவர் சின்னப் பெண். வாய்க்குள் கண்ணாடியை விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"வெத்தல, பொயல போடுவீங்களாம்மா?"

"இல்லீங்க. மிளகு கடிப்பேனுங்க."

"மிளகா?"

வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "காஞ்சிருக்குதான்னு பாக்கறதுக்குங்க. இவ பல்லு சொன்னாத்தான் நாங்க மூட்டையே கட்டுவமுங்க."

சிரித்த மருத்துவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "பல்லு ஒடைஞ்சு ஓரம் கத்தி மாதிரி நிக்குது. அதுதான் நாக்க அறுக்குதுன்னு நினைக்கறேன். இப்ப ராவி விடறேன். பதினஞ்சு நாள்ல புண்ணு ஆறணும். ஆறலேன்னா கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். பக்கத்துல சொத்தையும் இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருதரம் சும்மா வந்து காட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்மா."

என்ன டெஸ்ட் என்று நான் கேட்கவில்லை. தெரியும். திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தடவியது. 'சும்மா' என்ற சொல்லே காதில் நின்றது. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்கு யார் சும்மா போகிறார்கள்?

பதினான்காம் நாள் மத்தியானம். தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. கிளறினேன், உள்ளே போய்க் கண்ணாடி பார்த்தேன், வந்து மறுபடி கிளறினேன். புண் சிறிதானது போல இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தால் அப்படியே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன்.

"ஏம்புள்ள, நாக்க நீட்டி நீட்டி அந்தக் கண்ணாடியப் பயமுறுத்தற. காளியாத்தாளே உங்கிட்டத் தோத்துருவா," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க வந்து பாருங்க. சிறுசாயிருக்குதுங்களா?"

"நேத்துப் பாத்தேன், காலைல பாத்தேன். இன்னொருக்காப் பாத்தா நானே டாக்டராயிருவேன்."

ஆனாலும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தார்ப்பாய் பக்கம் போய்விட்டார். அவர் கேலி செய்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மறுபடி மிளகிடம் போனேன். நினைப்பு எங்கோ இருக்க, கை ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டது. கடைவாயில் வைத்தும் விட்டேன்.

"துப்பு! துப்பு புள்ள!"

துப்பினேன். அது தார்ப்பாயில் உருண்டு மற்ற மிளகோடு கலந்துவிட்டது. இருவரும் குனிந்து தேடினோம். எல்லாமே கறுப்பு.

"விடு. சோளக்காட்டுச் சந்தை யாவாரிக்குத் தெரியவா போவுது?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கத்து மிளகை இரண்டு கை அள்ளித் தனியே வைத்தேன். அதைப் பார்த்து அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே நாக்கு அங்கே போனது.

அவர் எழுந்து போய்த் தட்டையான கல் ஒன்றும் உருண்டையான கல் ஒன்றும் கழுவி எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். ஒரு மிளகை வைத்துத் தட்டினேன். நசுங்கியது. இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாமக்கல் போனோம். மருத்துவர் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, கண்ணாடியில் நான் பார்த்தது வெறும் தழும்புதான் என்றார். சொத்தையை அடைத்தார்கள். ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை அட்டையில் எழுதி, வலி இல்லாவிட்டாலும் வரச் சொன்னார்கள்.