இலந்தை என்று நான் சொன்ன மரம்

பாட்டனி படித்தவளுக்கு வாய் நீளம். டிபென்டன்ட் விசாவில் வீட்டோடு கிடந்த எனக்கு அந்த டிகிரியைக் காட்டிக்கொள்ள வேறு இடமும் இல்லை. அமெரிக்காவில், பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மென்டைச் சுற்றி வாக்கிங் போகும்போது மரம் மரமாகப் பெயர் சொல்லி, கூட வருகிறவளின் உயிரை வாங்குவேன். கூட வருகிறவள் கீழ்வீட்டுக்காரி, காயல்பட்டினத்துப் பெண்.

2004 அக்டோபரில், அவளைப் பார்க்க வந்திருந்த அவள் உம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் இங்கேயே அடக்கம். இறந்தவர் உடலை இலந்தை இலை போட்ட தண்ணீரில் குளிப்பாட்டுவது அவர்கள் வழக்கம். கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரே போதும் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். ஆனால் உம்மா ஊரில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியவர். அவருக்கு இலை இல்லாமலா என்று அவள் அழுதபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பார்க்கிங் லாட்டுக்குப் பின்னாடி இலந்தை மரம் இருக்கு. நான் பறிச்சிட்டு வரேன்" என்றேன்.

முள், பளபளக்கும் சின்ன இலை, சிவப்பாகக் குட்டிப் பழம். வேறென்ன வேண்டும்? கையெல்லாம் கீறி ரத்தம் வழிய ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். அரைத்துக் கலக்க மிக்ஸியை எடுத்தாள். அடக்கம் முடிந்து வந்ததும் என் கையைப் பிடித்து, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றாள். எனக்கு ஒரே பெருமை.

மே மாதம் அந்த மரம் பூத்தது. கொத்துக் கொத்தாக, ஐந்து இதழில் வெள்ளைப் பூ. இலந்தைப் பூ மஞ்சளும் பச்சையுமாக, கண்ணுக்கே தெரியாது. லைப்ரரி புத்தகத்தோடு போய் மரத்தடியில் நின்று ஒப்பிட்டேன். இலந்தை இலையில் அடியிலிருந்தே மூன்று நரம்பு ஓடும். இதில் நடுநரம்பு ஒன்றுதான். இலந்தை முள் ஜோடியாக இருக்கும், ஒன்று வளைந்திருக்கும். இது விரல் நீளத்துக்கு ஒற்றை முள். கீழே கிடந்த பழைய பழத்தை நசுக்கினேன். ஒரே கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. ஹாதார்ன்! ரோஜாக் குடும்பத்து முள்மரம். மற்ற ஹாதார்ன்களுக்கு இலை ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும். இது பிளவில்லாத இலை, நுனியில் அகன்று காம்புப் பக்கம் ஆப்பு மாதிரி ஒடுங்கியது. சேவலின் கால்முள்ளை வைத்துப் பெயர் வாங்கிய காக்ஸ்பர் ஹாதார்ன். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கால் வலி என்று புளுகி வாக்கிங்கை நிறுத்தினேன். ஒரு மனுஷியின் கடைசிக் குளியலில் விளையாடிவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் தைலத்தோடு மேலே வந்தாள். அதற்குமேல் தாங்கவில்லை.

"அது இலந்தை இல்லடி. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் முகம் மாறவே இல்லை. "தெரியும்க்கா. இலந்தை இலைய அரைச்சா சோப்பு மாதிரி நுரைக்கும். மிக்ஸியத் தொறந்தேன், நுரையே இல்ல. சிங்க்ல ஊத்திட்டேன். உம்மாவ வெறும் தண்ணியிலதான் குளிப்பாட்டினோம்."

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒங்க கையில ரத்தம்கூடக் காயல. எப்படிச் சொல்றது?"

பெற்றவளைப் பறிகொடுத்த நாளில் அவள் என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அழ ஆரம்பித்தேன். அவள் தரையில் உட்கார்ந்து தைல பாட்டிலைத் திறந்தாள்.

"எந்தக் கால்க்கா?" என்று கேட்டாள்.

எந்தக் கால் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.