கருப்பு பெயிண்ட்டுக்கு அடியில்

என் வீட்டுக்காரர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: லாரிக்குப் புது பம்பர் மாட்டினார்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போவதென்றால் எங்கள் நாமக்கல் பக்கத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல முகத்தைப் புதுசாக்கித்தான் அனுப்புவோம். எங்கள் வண்டியின் பழைய பம்பர் மாட்டும் இடத்தில் இற்றுப்போயிருந்தது. அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொன்னார். போடுவதற்கு முன்னால், அதில் எழுதியிருந்த ‘கருப்பணார் துணை’ மேல் கருப்பு பெயிண்ட்டை இழுத்துவிட்டார். குலதெய்வத்தின் பேர் குப்பையில் கால்பட்டுக் கிடக்கக் கூடாது. இங்கே லாரி வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான்.

வண்டி பட்டறையில் நின்ற அந்த நாட்களில்தான், ஆற்றோரச் சாலையில் மொபெட்டில் போன ஒரு தறித் தொழிலாளியை மணல் டிப்பர் ஒன்று அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனது. டிப்பர் யாருடையது என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்; அந்த டிப்பர்கள் ஓடுவதே அவர் தயவில்தான். அவருக்கு வேண்டியிருந்தது வேறொரு வண்டி. புது பெயிண்ட்டும் புது பம்பருமாக எங்கள் வண்டி அவர் கண்ணில் பட்டது. “ஆளை அடிச்சுட்டு மறைக்கப் பாத்திருக்கான்” என்று சொல்லி வண்டியைக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே என் வீட்டுக்காரரையும்.

பட்டறை முதலாளியிடம் ஓடினேன். “உங்க பட்டறைல நின்ன வண்டிதானுங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நான் வாயத் தொறந்தேன்னா நாளைக்கு என் வாசல்ல ஒரு வண்டி நிக்காது அம்மணி. ரோட்டுல வெச்சுத்தான வேல பாக்கறோம், போலீசு நெனச்சா ஒரே நாள்ல காலி பண்ணிரும்” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் மகள் கல்யாணத்தில் சீர்த்தட்டு தூக்கினவள் நான்.

இனி பழைய பம்பர்தான் கதி. மொபெட்டை நசுக்கிய வண்டியென்றால் பம்பர் நெளிந்திருக்கும். எங்களுடையது நேராக இருந்தது. அது என் கைக்கு வந்தால் அவர் வெளியே வருவார். போலீஸ் கைக்கு முதலில் போனால் உள்ளேதான்.

வீட்டில் கிடந்த, பெயிண்ட் கரைக்கிற தின்னர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அண்ணனுடைய சின்ன யானை சரக்கு வண்டியில் இரும்புக் கடைக்குப் போனோம். உருக்குவதற்காகப் பழைய இரும்பை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பம்பர்களே தனியாக ஒரு குவியல். கருப்பு பெயிண்ட் இழுத்தவை மட்டும் ஏழெட்டு இருந்தன. ஊரே சாமிக்குப் பயந்த ஊர், யாரைச் சொல்ல! ஓரத்தில் வெல்டிங் வைத்த தழும்பைப் பார்த்து எங்களுடையதை இழுத்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது.

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாசலுக்குப் போய், “பட்டறைச் சாமானெல்லாம் பின்னால கொட்டாயில கெடக்குதுங்க சார், வாங்க காட்றேன்” என்று போலீஸ்காரர்களை அழைத்துப் போனார். முன்பின் தெரியாத மனிதர். அந்தக் கேஸில் எனக்கு நல்லது செய்த ஒரே ஆள் அவர்தான்.

பம்பரை ஏற்றித் தார்ப்பாயைப் போட்டுக் கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே ஜீப் பின்னால் வந்துவிட்டது.

“வக்கீலு ஊட்டுக்கே போயர்லாமா?” என்று அண்ணன் கேட்டார்.

வக்கீல் வீட்டுக்குப் போகிற வழி முழுக்கக் கரும்புக்காடு. அங்கே மடக்கினால் கேட்க நாதியில்லை. அன்றைக்கு ஸ்டேஷன் இருக்கிற தெருவில் சந்தை. “சந்தைக்குள்ள உடுங்கண்ணா. நேரா ஸ்டேஷன் வாசலுக்கே போங்க” என்றேன். நாலு பேர் பார்க்க நடந்த காரியத்தை யாராலும் மூடி மறைக்க முடியாது என்று நம்பினேன். அப்போது எனக்கு ஜனங்கள் மேல் நம்பிக்கை இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் பம்பரை இறக்கிப் போட்டேன். “எல்லாரும் வந்து பாருங்க! எங்க வண்டி பம்பரு எங்கயாச்சும் நெளிஞ்சிருக்குதான்னு பாருங்க!” என்று கத்தினேன். யாருடைய பம்பரோ என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று தின்னரை ஊற்றி முந்தானையால் தேய்த்தேன். கருப்பு கரைந்து மஞ்சள் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. “கருப்பணாரே!” என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தக்காளிக் கூடையோடு நின்றவர்கள்கூட போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். கத்துவார் என்று பார்த்தால் சிரித்தார். “நல்ல வேலை செஞ்சே அம்மணி. இதைத்தான் தேடிட்டு இருந்தோம்” என்று சொல்லி பம்பரை உள்ளே தூக்கிப் போகச் சொன்னார். என் போனையும் அண்ணன் போனையும் விசாரணைக்கு வேண்டுமென்று பிடுங்கிக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தேன். கூட்டம் கலைந்து காய் வாங்கப் போய்க்கொண்டிருந்தது.

படம் எடுத்தவர்களைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினேன். “அழிஞ்சு போச்சுங்க” என்றார் ஒருவர். “எனக்கும் புள்ளைக இருக்குது, விட்ருங்க” என்றார் இன்னொருவர். அவர்கள் யாரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோர்ட்டில் அந்த பம்பரைக் கொண்டுவந்து வைத்தபோது அது நடுவில் உள்வாங்கி நெளிந்திருந்தது. நான் தேய்த்து வெளியே எடுத்த எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது.

எங்கள் வக்கீல் முன்னாலேயே சொல்லியிருந்தார்: “எங்களுது இல்லைன்னு சொல்லிருங்கம்மா. கருப்பணார் பேர் நூறு வண்டில இருக்குது.” கூண்டில் ஏறி நின்றேன். கண்ணுக்கு நேரே சாமி பேர். அதைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை.

“எங்களுதுதானுங்க. ஆனா நான் ஸ்டேஷன் வாசல்ல கொண்டுபோய்ப் போட்டப்ப நேரா இருந்துச்சுங்க.”

“யார் பாத்தா?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

“சந்தையே பாத்துச்சுங்க.”

“அதுல ஒருத்தரைக் கூப்பிடுங்க.”

அண்ணனைத் தவிர கூப்பிட யாருமில்லை. கூடப்பிறந்தவன் சாட்சி எடுபடவில்லை. தண்டனை கொடுத்து, அவரை அன்றைக்கே சேலம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, கருப்பு பெயிண்ட் கறை போகாத என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நான் அழிச்சது அழிச்சாப்பலயே கெடந்திருந்தா, யாரு பம்பரோன்னு போயிருக்கும் புள்ள” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.