அறுப்பு நாளில் வைத்த மலாய்த் தொடுகறி

எங்கள் பக்கத்தில் அறுப்புக் கூலி எல்லா வயலிலும் ஒரே அளவு நெல்தான். அதனால் அறுப்புக்காரிகள் கூலியைப் பற்றிக் கேட்பதில்லை. மத்தியானச் சோற்றுக்கு என்ன தொடுகறி என்றுதான் கேட்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, எந்த வயலில் முதலில் இறங்குவது என்று முடிவு செய்வார்கள். மகாராஜாவுக்கு நெய்யாற்றின்கரையில் தாலுக்கா கச்சேரி உண்டு, போலீஸ் உண்டு. அறுப்புக்காரியிடம் அதெல்லாம் செல்லாது.

அந்தப் புரட்டாசியில் எங்கள் வயல் விளைந்து தலை சாய்ந்து நின்றது. பாறசாலைக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரம், சின்ன வயல். அந்த நெல் வீட்டுக்கு வந்தால் மாசி வரை சோறு. வராவிட்டால் மாசி வரை மரச்சீனிக் கிழங்கு. கிழங்கைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் ஐந்து மாசம் விடாமல் தின்றால் கிழங்குக்கே நம்மைக் கண்டு அலுத்துவிடும்.

ஐப்பசி மழை அந்த வருசம் அவசரப்பட்டது. மத்தியானம் கழிந்தால் ஒற்றசேகரமங்கலத்துப் பக்கம் மலையில் இடி உருளும். இரண்டு நாள் மேகம் எங்கள் தலைக்கு மேல் வரை வந்து கலைந்து போனது. மூன்றாம் நாளும் கலையும் என்று யாரும் சொல்லவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவின் வயல். சொந்தம் ஒன்றுமில்லை. வயதில் மூத்தவள், அதனால் அக்கா. தேங்காயைக் கருகவிடாமல் சிவக்க வறுத்து அரைத்து உள்ளித் தீயல் வைப்பாள். அவியலும் அதே ருசிதான். அவள் வீட்டுச் சோறு என்றால் அறுப்புக்காரிகள் கூப்பிடாமலே வருவார்கள். என் வீட்டுக்குக் கூப்பிட்டால் வருவார்கள்.

சாயங்காலம் அறுப்புக்காரிகளின் தலைவி வந்தாள். அவளையும் சேர்த்து ஒன்பது பேர்; அவள் சொன்னதுதான் முடிவு.

"நாளைக்கு என்ன தொடுகறியாக்கும்?"

"பயறு தொவரன். தேங்காய் அரைச்ச சம்மந்தி."

"அங்க தீயலும் அவியலும் உண்டு மக்கா. பொரிச்ச சாளை மீனும் உண்டாம். உனக்கு நாளை கழிஞ்சு வாறோம்."

"நாளை கழிஞ்சா மழை வந்திரும்."

"மழைக்கு நான் என்ன செய்ய? வயலுக்குக் குடையா பிடிக்க?"

போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு வருசம் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்த வைகாசியில்தான் திரும்பி வந்திருந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, இலையில் பொதிந்த ஒரு கறுத்த கட்டி, இவ்வளவுதான் கொண்டுவந்தது. அந்தக் கட்டிக்குப் பெலாச்சான் என்று பெயர். பொடி இறாலை உப்பிட்டு, காயவைத்து, இடித்து அமுக்கியது. அதை அடுக்களைக்குள் நான் விடவில்லை. வெளியே பலாமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். காக்கை கூட அந்தக் கிளையில் உட்காரவில்லை. தோட்டத்து வாசலில் ஒரு மலாய்க்காரி அதை வைத்துச் சம்பல் என்ற தொடுகறி செய்து சோற்றோடு விற்பாளாம். தினமும் அந்தக் கதை கேட்டாயிற்று.

"எட்டி, நாளைக்குக் காலத்தே அவளுவ நம்ம வரப்பு வழியாத்தானே போவாளுவ? அந்த நேரம் பாத்து சம்பல் வை."

"நாத்தத்துல ஓடிருவாளுவ."

"ஆறு வருசம் தின்னேன். நான் ஓடினேனா?"

"இஞ்ச ஓடித்தானே வந்திய?"

அவர் கட்டியை அவிழ்க்கப் போனார்.

விடிந்ததும் தொடங்கினோம். அவருக்கு அதைத் தின்றுதான் பழக்கம், வைத்துப் பழக்கமில்லை. எனக்கு இரண்டுமில்லை. வத்தல் மிளகாயை ஊறவைத்து உள்ளியோடு அரைத்தேன். புளி கரைத்தேன். கருப்பட்டி ஒரு துண்டு போடச் சொன்னார்.

"கறியில கருப்பட்டியா? பாயசமாக்கும் வைக்கோம்?"

"போடு. மலாய்க்காரி பனஞ்சக்கரை போடுவா."

கடைசியில் பெலாச்சானில் ஒரு துண்டு வெட்டி, தென்னை ஈர்க்கிலில் குத்தித் தணலில் சுட்டார். எங்கள் நாய் எழுந்து வெளியே போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரம்தான் வரப்பில் ஒன்பது பேரும் வந்தார்கள். தலைவி முந்தானையால் மூக்கை மூடினாள்.

"எட்டி, உன் வீட்ல எலி செத்துக் கெடக்கா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. சட்டியில் தேங்காய் எண்ணெயை விட்டு அரைத்ததைப் போட்டேன். சுட்ட கட்டியையும் உடைத்துப் போட்டுக் கிண்டினேன். எண்ணெய் மேலே சிவந்து பிரிந்தது. பொரித்து வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டைக் கொட்டினேன். அப்போது மணம் மாறியது. எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வரப்பில் கால்கள் நின்றன.

"என்னதாக்கும் அது?"

"மலாய்த் தொடுகறி" என்றார் வீட்டுக்காரர். "உங்களுக்குப் பிடிக்காது. நீங்க போங்க. அங்க தீயல் ஆறிப்போவும்."

தலைவி உள்ளே வந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தேன். நக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கை உறிஞ்சினாள்.

"நாசமாப் போச்சு" என்றாள். பிறகு வெளியே திரும்பி, "இந்த வயல்லயே எறங்குங்கட்டீ!" என்று கத்தினாள்.

நான் செய்த பிழை இனிமேல்தான் வருகிறது. ஒன்பது பேருக்கு எப்போதும் எவ்வளவு சோறு வைப்பேனோ அவ்வளவே வைத்தேன். அது தொவரனுக்கும் சம்மந்திக்கும் கணக்கான சோறு. சம்பல் சோற்றைக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் இலை போட்டேன். முதல் தடவை போட்டது போன இடம் தெரியவில்லை. இரண்டாம் தடவையில் சோற்றுக் கலத்தின் அடி தெரிந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது அகப்பை அடியில் சுரண்டிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வயல் பாதி நின்றது. கிழக்கே இடி உருண்டது.

வயிறு நிறையாமல் இலையை விட்டு எழுந்த அறுப்புக்காரி அன்றைக்கு அந்த வயலில் அரிவாள் தொடமாட்டாள். அது வழக்கம். யாரும் சண்டை போடமாட்டார்கள். கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் குத்தரிசி வேக அரை மத்தியானம் பிடிக்கும். ஒன்பது பேரும் விரலைச் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அக்கா காலையிலிருந்தே இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுடைய சோறு பொங்கி இறக்கி ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு சிரட்டையில் சம்பலை எடுத்தேன். வாய்க்காலில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினேன்.

"அக்கா, சோறு உண்டா?"

"ஒம்பது பேருக்கு உண்டு. ஒம்பது பேரையும் நீயில்லா பிடிச்சோண்டு போன?"

"எனக்குத் தொடுகறி உண்டு. சோறு தீந்து போச்சு."

"எனக்குச் சோறு உண்டு. தின்ன ஆளில்ல."

அக்கா சிரட்டையை வாங்கி முகர்ந்தாள். முகத்தைத் திருப்பினாள். பிறகு ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு கூடிப்போச்சு எட்டி" என்றாள். மறுபடியும் தொட்டாள்.

"என் வயலு?" என்று கேட்டாள்.

"என்னது தீந்த உடனே உனக்கு எறங்குவாளுவ. நானும் வாறேன். அவரும் வாறாரு."

அக்கா கிழக்கே பார்த்தாள். அந்த மேகக் கறுப்புக்கு முன்னால் ரோசம் எவ்வளவு நேரம் நிற்கும்?

"கலத்துக்கு அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

சோற்றையும் தீயலையும் அவியலையும் சாளையையும் தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்தோம். இலைக்கு ஒரு ஓரம் சம்பல், மறு ஓரம் தீயல். தலைவி இரண்டையும் குழைத்துத் தின்றாள். பார்க்கவே பயமாக இருந்தது.

"ரெண்டு வீட்டுத் தொடுகறியும் ஒரே இலையில. மகாராஜாவுக்கும் கிட்டாது மக்கா. தின்னது மதி, எந்திரிங்கட்டீ."

எழுந்து போய் வயலில் குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. அரிவாள் சத்தம்தான் கேட்டது. நானும் அக்காவும் கட்டுக் கட்டிச் சுமந்தோம். வீட்டுக்காரரும் இறங்கினார். ஆறு வருசம் ரப்பர் மரத்தைக் கீறிய கை. அரிவாளைச் சரித்துப் பிடித்து நெல் தாளைக் கீறினார்.

"அண்ணோ, நெல்லுல பால் வருமான்னு பாக்கியளா?" என்றாள் ஒருத்தி. வயல் முழுக்கச் சிரிப்பு. பால் பிடிக்கச் சிரட்டை கட்டவா என்று அவர் கேட்டார்.

எங்கள் நெல் கடைசிக் கட்டு வரை நனையாமல் வீடேறியது. உடனே எல்லோரும் அக்காவின் வயலில் இறங்கினோம். மூன்றில் இரண்டு பங்கு அறுத்தபோது மழை விழுந்தது. ஒருவரும் கரையேறவில்லை. மிச்சத்தை மழையிலேயே அறுத்துச் சுமந்தோம்.

நனைந்த நெல்லை உடனே அடித்து, முளைக்கவிடாமல் அவித்துப் புழுக்கினால் தப்பும். மறுநாள் முழுக்க அக்கா வீட்டு அண்டாவிலும் என் வீட்டுப் பானைகளிலும் அவளுடைய நெல்லைப் புழுக்கினோம். பாய் இருந்த இடத்திலெல்லாம் பரப்பினோம். படுக்கப் பாயில்லை. உட்கார்ந்தே தூங்கினோம்.

மாசி வரை இரண்டு வீட்டிலும் சோறு இருந்தது. பல நாள் சோறு மட்டும்தான் இருந்தது. உப்பும் காந்தாரி மிளகாயும் தொட்டுத் தின்றோம்.