அப்பா சாப்பிட்ட பனீர்

எங்கள் வீட்டில் பால் திரிந்துபோனால் அம்மா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஏதோ கெட்டது வரப்போகிறது என்று அர்த்தம். பாலைச் சாக்கடையில் கொட்டி, அடுப்பைக் கழுவி, சாமி விளக்கை ஏற்றிய பிறகுதான் உலை வைப்பாள். அப்படிப்பட்டவள், நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், தினமும் காலையில் ஒரு லிட்டர் நல்ல பாலை வாங்கி வேண்டுமென்றே திரிய வைத்தாள்.

அப்பாவுக்காகத்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு குடோன்களில் மூட்டை தூக்குகிறவர் அவர். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே வந்தவர். முதுகில் மூட்டையோடு மரப்படி ஏறும்போதுகூடப் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யாரையாவது கேலி பேசிக்கொண்டே ஏறுவார். அந்த வருடம் முதலில் குரல் கம்மியது. பிறகு சோறு நெஞ்சில் நிற்கிறது என்றார். எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் உணவுக்குழாயில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் உடம்பு தாங்க வேண்டும், ஒன்றரை மாதத்தில் எடையைக் கொஞ்சமாவது ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். இடையில் சாப்பாடு இறங்காமல் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும், வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்க வழியிருக்கிறது என்றும் சொன்னாராம். இந்த இரண்டாவது விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

பனீர் யோசனை எதிர்வீட்டு குஜராத்தி அம்மாவுடையது. பென் என்று கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் அக்கா.

"எறச்சி, மீனொண்ணும் அவருக்கு எறங்காது. பனீர் கொடு. மெத்துனு இருக்கும், நல்ல சக்தியாணு" என்றார் பென்.

"ஐயோ பென், சீக்காளி கெடக்குற வீட்டுல பாலைத் திரிய வைக்கிறதா?" என்று அம்மா பதறிவிட்டாள்.

ஒரு நாள் முழுக்க யோசித்து அம்மாவே வழி கண்டுபிடித்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வாசல்படிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். திரிவது வாசலுக்கு வெளியே என்றால் அது வீட்டில் திரிந்ததாகாது. எந்த சாமியிடம் இதற்கு அனுமதி வாங்கினாளோ தெரியாது, ஆனால் அதில் உறுதியாக இருந்தாள். பால் பொங்கியதும் தீயைக் குறைத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கரண்டியால் மெல்லக் கிளறுவாள். முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு திடீரென்று பால் பிரிந்து, வெள்ளைக் கட்டிகள் மிதக்க, அடியில் இளம்பச்சை நிறத்தில் தண்ணீர் தெரியும். அந்த நொடியில் மட்டும் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். அப்புறம் அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, புளிப்புப் போகத் தண்ணீர் விட்டு அலசி, முடிச்சுப் போட்டுக் குழாயில் தொங்கவிடுவாள். மிஞ்சிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் சப்பாத்தி மாவு பிசைவாள். அப்பாவுக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்பதால் பனீரின் மேல் பாரம் வைக்காமல், கையால் உதிர்த்துச் சர்க்கரை தூவி, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு எட்டு மணிக்குச் சுக்கு பொறுக்கும் வேலைக்குக் கிளம்புவாள். மத்தியானம் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கிண்ணத்தைத்தான்.

கிண்ணம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். ஏனென்றால் அதைக் காலி செய்தது நான்.

முதல் இரண்டு நாள் அப்பா சாப்பிட்டுப் பார்த்தார். ஒரு வாய் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "நீ தின்னு மோளே. எனக்கு இந்த வாடை பிடிக்கல. அம்மாட்ட சொல்லிராத, பாவம், வெள்ளெனவே எந்திரிச்சுச் செய்றா."

எனக்கு வாடை மிகவும் பிடித்திருந்தது. நான் அப்போது எலும்பும் தோலுமாக இருப்பேன். சுவரில் சாய்ந்தபடி நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசித் துணுக்கை வழித்ததும் கிண்ணத்தை வாங்கி, தன் விரலால் ஒரு முறை வழித்து வைப்பார், தானே சாப்பிட்டதுபோல. அவர் குடித்ததெல்லாம் பால் விடாத கட்டன் சாயாவும் கஞ்சித் தண்ணீரும்தான். அதுவும் மடக்கு மடக்காக.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அவரைக் குடோனுக்கு அழைத்துப் போவாள். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கே உண்டு. கூட வேலை செய்தவர்கள், "அண்ணாச்சி, வாங்க, ஒரு மூட்டை மொளகு என்ன கனம்னு பாப்போம்" என்று கேலி பேசியபடி அவரைத் தட்டில் ஏற்றுவார்கள். அவருக்குக் கால் நடுங்குமென்பதால் நான் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வேன்.

இரண்டாவது சனிக்கிழமை, வழியில் அம்மா யாரிடமோ பேசப் பின்தங்கியபோது, அப்பா குனிந்து என் காதில் சொன்னார்: "ஒரு காலை மட்டும் தட்டுல வச்சு லேசா அமுக்கு. ரொம்ப வேண்டாம்."

அவருடைய கைலி என் காலை மறைத்தது. அமுக்கினேன். "ரெண்டு கிலோ ஏறியிருக்கு!" என்று குடோன் மேஸ்திரி கூவினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அப்பா திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவ்வளவு அழகான திருட்டுத்தனத்தில் நான் அதற்குப் பிறகு பங்கெடுத்ததே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் எவ்வளவு அமுக்க வேண்டும் என்று எனக்குப் பழகிவிட்டது. இப்போது நினைத்தால், என் காலில் ஏறியிருந்த கனமும் அந்தப் பனீரின் கனம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பார்த்தாள், நடக்கவில்லை. கடைசியில் ஸ்டவ்வை உள்ளே தூக்கி வந்து, சாமி படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாலைத் திரிய வைத்தாள். "ஒரே ஒரு நாள்தானே, பொறுத்துக்கோ" என்று யாரிடமோ சொன்னாள். அன்றைய பனீரையும் நான்தான் தின்றேன்.

மறுநாள் போர்ட் கொச்சியிலிருந்து போட்டில் எர்ணாகுளம் போனோம். ஆஸ்பத்திரித் தராசு சின்னது, ஒரு ஆள் மட்டும் நிற்கிற அளவு. நர்ஸ் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அப்பா ஏறினார். நர்ஸ் பழைய சீட்டைப் பார்த்தாள், மறுபடி ஏறச் சொன்னாள், பிறகு ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது என்றாள்.

"இல்ல சிஸ்டரே, உங்க தராசு கேடு வந்துபோச்சு" என்றாள் அம்மா. "எங்க குடோன்ல பாத்தோம், ஏறியிருக்கு. மொளகு நிறுக்குற தராசு, அது பொய் சொல்லாது."

டாக்டரிடமும் அதையேதான் சொன்னாள். "நல்லா சாப்பிடுறாரு சார். ஒரு கிண்ணம் பனீர், ஒரு பொட்டு மிச்சம் வைக்கிறதில்ல." டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சாப்பிட்டும் உடம்பு இப்படி இளைக்கிறது என்றால் நோய் முற்றிவிட்டது, இனி கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. நன்றாகச் சாப்பிடுகிற மனிதனுக்குக் குழாய் எதற்கு?

திரும்பும்போது போட்டில் அப்பா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கண்ணடிக்கவும் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முக்கியமான நாளில் என்னால் தட்டில் கால் வைக்க முடியாமல் போய்விட்டது, அதனால்தான் ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அப்பா என் மேல் கோபமாக இருக்கிறார். இதைத்தான் நான் நம்பினேன். ஓணத்துக்கு முன்பே அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் பிடிக்காமல் போனது வாடை இல்லை, தொண்டைக்குக் கீழே எதுவுமே இறங்கவில்லை என்பது எனக்குக் கல்லூரி போகிற வயதில்தான் உறைத்தது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. குழாய்க்குப் பயந்து மறைத்தாரா, பிழைக்கமாட்டோம் என்று முடிவு கட்டிவிட்டு இருந்த பாலை என் உடம்பிலாவது ஏற்றிவிட நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் வாய் திறந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்பது மட்டும் தெரியும்.

அம்மாவிடம் சொன்னதில்லை. அவளிடம் இருப்பது இரண்டே நம்பிக்கைகள். ஒன்று, அந்த மழைநாளில் வீட்டுக்குள் பாலைத் திரிய வைத்ததால்தான் எல்லாம் கெட்டது. மற்றது, கடைசி வரை அவர் அவள் கையால் செய்ததை ருசித்துச் சாப்பிட்டார். முதலாவதை அவள் மனதிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டாவதும் போய்விடும்.

அப்பாவின் திதிக்கு அம்மா வருடந்தோறும் பனீர் செய்கிறாள், வாசல்படிக்கு வெளியே ஸ்டவ் வைத்து. உதிர்த்து, சர்க்கரை தூவி, அதே கிண்ணத்தில் படத்துக்கு முன் வைத்துவிட்டு, பிறகு என்னிடம் நீட்டுகிறாள். "உங்கப்பாவுக்கு உசுரு இது. ஒரு பொட்டு மிச்சம் வைக்கமாட்டாரு."

நான் வாங்கி, ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் தின்று, விரலால் வழித்துக் கொடுக்கிறேன்.